மேம்பாலம் ஏறிய பரிபூரணம்

உப்பளத்து ரோட்டில் விடியுமுன்னே ஒற்றைப் பெண்ணாய் சைக்கிளில் போக யாருக்குத்தான் பயமில்லை? பரிபூரணத்துக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் போட்டுவிட்டார்கள். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. அந்த வழியே தினமும் போவது சைக்கிள் கிளப் ஆட்கள்தான். அவர்கள் சேர்த்துக்கொண்டால் துணை. இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

கிளப் கேப்டன் தேவசகாயம் அண்ணாச்சி அவளுடைய பழைய சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார். "ரயில்வே மேம்பாலத்தைக் கால் ஊன்றாம, என் பக்கத்துலயே ஏறணும். பின்தங்கினா வீட்டுக்குப் போயிரு, தாயி."

அவள் சைக்கிள் பழகியதே போன மாதம்தான்.

"சரி அண்ணாச்சி. பயமா இருக்கு, பேச்சுக் கொடுத்துக்கிட்டே வாங்க. நீங்க மெடல் வாங்கின கதையச் சொல்லுங்களேன்."

அவரைக் கேட்க வேண்டுமா! பாலம் தொடங்கும்போதே கதையும் தொடங்கியது. அவள் மனசுக்குள் ஜெபித்தபடி மிதித்தாள். கதை தொய்ந்தபோதெல்லாம் "ம்" கொட்டினாள். ஒவ்வொரு "ம்"முக்கும் அண்ணாச்சி குரலை உயர்த்தினார். பாதிப் பாலத்தில் மூச்சு முட்டி, இருமல் பிடித்து, காலை ஊன்றிவிட்டார்.

பரிபூரணம் நிற்காமல் உச்சிக்குப் போய்த்தான் இறங்கினாள். திரும்பிக் கீழே பார்த்தாள்.

"பக்கத்துலயே வரணும்னீங்களே அண்ணாச்சி, நான் கீழே இறங்கி வரட்டுமா?"

பின்னால் வந்த கிளப் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி இருமிக்கொண்டே ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். நாளைக் காலை ஐந்து மணிக்கு வந்துவிடு என்று அர்த்தம்.