அரிதாரம் முடிந்த பின்

"எந்திரிக்கவா, உக்காந்தே இருக்கவா?" என்று கேட்டான் இருளப்பன்.

"முகத்தை ஆட்டாதே" என்றாள் செங்கமலம்.

அவள் அந்த நாடகக் குழுவின் வாத்தியார். அவனைவிட வயதில் இளையவள். அவனுக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தாள்.

நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த தலைவரின் கதைதான் அன்றைய நாடகம். இருளப்பனுக்குத் தலைவர் வேடம். அதைப் பார்க்கத் தலைவரே வந்திருந்தார். திரை தூக்குமுன் உள்ளே வந்து தன் வேடம் போட்டவனைப் பார்ப்பார் என்று காவலர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அரிதாரம் முடிந்துவிட்டால் தலைமை வேடம் போட்ட ராஜபார்ட் யாருக்கும் எழுந்திருக்கக் கூடாது. அவனுக்கு யாரும் உத்தரவு போடவும் கூடாது, வாத்தியார் உட்பட. முகம் கழுவும்வரை அப்படித்தான்.

போன வருடம் வேறொரு குழுவில் ஒருவன் தலைவரைப் போலவே கொஞ்சம் நொண்டி நடந்தான். அவன் இன்னும் வீடு திரும்பவில்லை.

"எந்திரிச்சா, தலைவரைப் பயந்தவராக் காட்டிட்டேன்பாங்க. உக்காந்தா, தலைவரை மதிக்கலைம்பாங்க. ஒரு வழி சொல்லுங்க வாத்தியாரே."

"எந்திரிச்சா காலை எடுப்பாங்க, உக்காந்தா தலையை எடுப்பாங்க" என்றான் மூலையிலிருந்த கோமாளி வேடக்காரன். "உனக்கு எது உபயோகப்படலையோ அதைக் குடு."

யாரும் சிரிக்கவில்லை. கோமாளியும்தான்.

செங்கமலம் தலைவருக்கு இருக்கும் கன்னத்துத் தழும்பை அவன் முகத்தில் வரைந்தாள். முதல் காட்சிக்கு அது வேண்டும். சிறைக்குள் அந்நியச் சிப்பாய் துப்பாக்கியை நீட்டி எழுந்திருக்கச் சொல்வான். தலைவர் அசையமாட்டார். பயமே அறியாதவர் என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது.

"சொல்லுங்க வாத்தியாரே. இப்ப வந்துடுவாரு."

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பினாள்.

"இனிமே தாங்கள்தான் சொல்லணும்."

அரிதாரம் முடிந்துவிட்டது.

வெளியே பூட்ஸ் சத்தம். கதவு திறந்தது. காவலர்கள் முன்னே வர, தலைவர் நொண்டியபடி உள்ளே வந்தார்.

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிக் குனிந்தார்கள். செங்கமலம் மட்டும் திரும்பவில்லை. இருளப்பனைப் பார்த்துக் கூப்பிய கை அப்படியே இருந்தது.

அவன் முழங்கால்கள் எழப் பார்த்தன. இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான்.

ஒரு காவலன் துப்பாக்கியை நீட்டினான்.

"எந்திரி."

இருளப்பன் எழுந்திருக்கவில்லை.

தலைவர் கையை உயர்த்தினார். துப்பாக்கி தாழ்ந்தது. அவர் பக்கத்தில் வந்து அந்தத் தழும்பையே வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு அந்தச் சிப்பாய் எந்திரின்னு சொன்னப்போ" என்றார் மெதுவாக, "பயமா இருந்துச்சா?"

"ரொம்ப" என்றான் இருளப்பன்.

தலைவர் காவலர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவன் காதருகே குனிந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."