றெக்கை மேல ரெண்டு கிளி

ஒரு ஊர்ல ஒரு பெயிண்டர் இருந்தானாம். கரூர்னே வெச்சுக்கயேன். வீட்டுச் சுவத்துக்கு அடிக்கறவன் இல்ல கண்ணு, பஸ்ஸுக்கு அடிக்கறவன். வெறும் தகரமா நிக்கற பஸ்ஸ அவன்கிட்ட உட்டா, பத்தே நாள்ல கல்யாணப் பொண்ணாட்டம் அனுப்பி வெப்பான். பின்னாடி கண்ணாடிக்குக் கீழ ரெண்டு பச்சக்கிளி வரைவான், மூக்கோட மூக்கு ஒட்டுன மாதிரி. அந்தக் கிளியப் பார்த்தே, இது இன்னார் அடிச்ச வண்டின்னு ஊரு சொல்லும். அதுல அவனுக்கு மண்டக்கனம். எவ்வளவுங்கற? தல வாசல்ல நுழையாது, அவ்வளவு. என்ன, 'ம்' கொட்டக் காணோம்? நான் சுவத்துக்கா கதை சொல்றேன்?

ம். அப்படி.

அந்தப் பெயிண்டருக்கு ஒரு பொண்டாட்டி. பேரு கோகிலம். ஸ்கூல்ல கணக்கு டீச்சர். அவளுக்கு ஏரோப்ளேன் பைத்தியம். ஏறி உக்காந்து போறது இல்ல, கையில தூக்கற ஏரோப்ளேன். நம்ம கட்டில் அகலத்துக்கு றெக்கை இருக்கும். பொம்ம ஏரோப்ளேன்னு சொன்னா அவளுக்குப் பொசுக்குனு கோவம் வந்துரும். பால்சான்னு ஒரு மரம் இருக்கு, தூக்குனா கனமே தெரியாது. அதைச் சீவி எலும்புக்கூடு கட்டி, அதுமேல மெல்லிசா வெள்ளப் பட்டுத்துணிய இழுத்து ஒட்டுவா. மூக்குல குட்டியா ஒரு இஞ்சின். கையில ஒரு டப்பா, டப்பாவுல ரெண்டு குச்சி. கீழ நின்னுக்கிட்டு குச்சிய இப்படித் தள்ளுனா, மேல அது இப்படித் திரும்பும். ஞாயித்துக்கெழமையானா அவளும், மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கற ஜெரினாவும் வீட்டுக்குப் பின்னால மைதானத்துல நின்னுக்கிட்டு, உர்ர்ர்ருனு உட்டுட்டு இருப்பாங்க.

நம்ம பெயிண்டர் என்ன பண்ணுவான்? சிரிப்பான். "இத்தன வயசுல டீச்சருக்கு வெளையாட்டுச் சாமான் கேக்குது"ம்பான். ஒரு நாள் கூட அண்ணாந்து பார்த்தது கெடையாது அந்த மனுசன்.

என்ன? 'அது நீங்கதானே அப்பச்சி'ன்னா கேக்கற? கதை கேக்கறியா, விசாரணை பண்றியா? கையப் போர்வைக்குள்ள வெச்சுக்க.

அப்போ என்னாச்சு, ஒரு மழை நாள்ல அவ ஸ்கூட்டர்ல வந்துட்டு இருந்தா. ரோட்டுல குழி. குழி நெறையத் தண்ணி. தெரியல. தடால்! இடுப்பெலும்புல விரிசல். ஆறு வாரம் மல்லாக்கப் படுத்தே கெடக்கணும்னுட்டாரு டாக்டர். கெடந்தா. அப்புறம் ஆறு வாரம் கழிச்சு டாக்டர் வந்து, "எலும்பு கூடிருச்சும்மா. இனி எந்திரிச்சு உக்காரணும், கால ஊணணும். நாளத் தள்ளுனா அப்புறம் நடக்கறதே கஷ்டமாயிரும்"னாரு. ஆனா அவ எந்திரிக்கல. பயம் கண்ணு. கால் கீழ பட்டா மறுபடி ஒடிஞ்சுரும்னு பயம். கணக்குல அவ்வளவு கெட்டிக்காரி, இதுல மட்டும் யார் சொன்னாலும் காதுல ஏறல. அப்புறம் பேச்சும் நின்னு போச்சு. ஜன்னலப் பார்ப்பா. இல்லாட்டி சுவத்தப் பார்ப்பா. இன்னொரு வாரம் போச்சு, ரெண்டு வாரம் போச்சு. பெயிண்டருக்குச் சோறு எறங்கல. வீட்டுல சத்தமா இருந்தவ சும்மா கெடந்தா, வீடே காலி பண்ணுன மாதிரி இருக்கும்.

அப்போ அவன் கண்ணுல பட்டுச்சு அந்த ஏரோப்ளேன். ஸ்கூட்டர்ல இருந்து உழறதுக்கு முன்னாடி அவ கட்டுனது. அவ கையால பட்டு ஒட்டி, இன்னும் கலர் அடிக்காம, வெள்ளையா ஹால்ல கொக்கியில தொங்குது. இவன் நெனச்சான், "இதுக்குப் பெயிண்ட் அடிச்சு, அவ ஜன்னலுக்கு நேரா பறக்க உட்டா, பார்த்துட்டு எந்திரிச்சுர மாட்டாளா?" அவனுக்குத் தெரிஞ்ச வைத்தியம் பெயிண்ட் ஒண்ணுதான். பாவம்.

ம்.

மொதல் தடவ. எடுத்தான். பஸ்ஸுத் தகரத்துல மேடு பள்ளத்த மாவு பூசி மறைக்கற மாதிரியே பட்டி பார்த்தான். ஆமா, பட்டுத்துணிக்குப் பட்டி! உப்புத்தாள் போட்டான், சரக் சரக். அடியில ஒரு கோட்டு அடிச்சான். அதுமேல செவப்பு எனாமல் மூணு கோட்டு. அதுமேல வார்னீஸ். அட, அடுப்படில இருந்து உங்க அம்மாயி கொரல் குடுக்கறா பாரு. மூணு இல்லீங்க, அஞ்சுங்கறா. சரி, அஞ்சு. மூஞ்சி பார்க்கலாம் கண்ணு, அப்படி ஒரு பளபளப்பு. ஜெரினா வந்தா. ரெண்டு வெரல் நுனிய றெக்கைக்கு அடியில குடுத்துத் தூக்கிப் பார்த்தா. நல்ல ஏரோப்ளேன்னா அந்த ரெண்டு வெரல் மேல நேரா நிக்கும். இது வால் பக்கம் பொத்துனு சாஞ்சுருச்சு. கடைக்குத் தூக்கிட்டுப் போய், கைக்கொழந்தைய எடை போடற மெஷின்ல வெச்சுப் பார்த்தா, முக்காக் கிலோ ஏறி இருக்கு.

"அண்ணா, எல்லாம் சரி. ஹாரன் மட்டும்தான் வெக்கல"ன்னா.

"நீங்க உட்டுப் பாருங்க"ன்னான் இவன்.

உட்டா. உர்ர்ர்ருனு போச்சு. போச்சு, போச்சு, மைதானத்துக் கடைசி வரைக்கும் தரையிலயே ஓடிப் போய் முள்ளுச்செடில முட்டிட்டு நின்னுருச்சு. நெசமாலுமே பஸ்ஸு. கட்டில்ல கெடந்தவளுக்கு இஞ்சின் சத்தம் கேட்டுச்சு, நின்னதும் கேட்டுச்சு. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அப்புறம் அந்தத் துணிய உரிச்சுத்தான் எறியணும், வேற வழி இல்ல. அவ கையால ஒட்டுன துணி. இவன் உரிச்சான். அவகிட்டச் சொல்லல. ஆனா பெயிண்ட் கரைக்கற தின்னர் வாசம் வீடு பூரா வீசுதே, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒண்ணும் கேக்கல. அதுதான் அவனுக்கு இன்னும் சுருக்குனு இருந்துச்சு.

ரெண்டாவது தடவ. ஜெரினா புதுப் பட்டு வாங்கியாந்து சொல்லிக் குடுத்தா. துணிய நனைச்சு ஒட்டணும். காயக் காயத் தானா இழுத்துக்கும். காஞ்சப்புறம் வெரல்ல தட்டுனா, டம் டம்! மத்தளமாட்டம் பேசும். அதுமேல பெயிண்ட்ட தண்ணியாட்டம் கரைச்சு, ஒரு கை தடவி, காய உட்டு, மறுபடி ஒரு கை. அவ்வளவுதான். "இது பெயிண்டா, பிரஷ் கழுவுன தண்ணியா?"ன்னு மொணமொணன்னு திட்டிக்கிட்டே அடிச்சான். துணியோட நெளிவு தெரியுது, உள்ள குச்சி தெரியுது. எதையும் மூடக் கூடாதாம்! மூடறதுதானே அவன் தொழிலு! இருந்தாலும் றெக்கை மேல் பக்கம் ரெண்டு கிளி போட்டான். சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதிரிக் கிளி அவன் எந்தப் பஸ்ஸுக்கும் போட்டதில்ல. அடிப்பக்கத்துக்கு ஆகாச நீலம். ஆகாசத்துல போறதுக்கு ஆகாசக் கலர்தானே பொருத்தம்னு அவன் கணக்கு.

ஜெரினா பார்த்தா. "கிளி அழகுண்ணா. ஆனா இந்த நீலம்..."னு இழுத்தா.

"நீங்க உடுங்க"ன்னான்.

உட்டா. இந்தத் தடவ ஏறுச்சு கண்ணு! ஜிவ்வுனு ஏறுச்சு. இவன் குதிச்சான். அப்புறம் அது ஜன்னல் பக்கம் திரும்புச்சு, திரும்புனதும் காணோம். நீலத்துல நீலம் கரைஞ்சுருச்சு. சத்தம் மட்டும் உர்ர்ர்ருங்குது. அது வருதா போகுதா, நேரா இருக்கா கவுந்திருக்கா, ஒண்ணும் தெரியல. ஜெரினா குச்சிய இப்படித் தள்ளறா, அப்படித் தள்ளறா. உய்ய்ய்ங்... சடார்! சோளக்காட்டுக்குள்ள. அடிவயித்துத் துணி கிழிஞ்சுருச்சு, றெக்கை நுனி ஒடிஞ்சுருச்சு. கிளிக்கு மட்டும் ஒரு கீறல் இல்ல.

இவன் ஓடி வந்து, "பார்த்தியா கோகிலம், பார்த்தியா?"ன்னு கேட்டான். அவ இல்லன்னு தலைய மட்டும் ஆட்டுனா. சத்தம் தலைக்கு மேல போயிருக்கு, ஜன்னல்ல ஒண்ணும் தெரியல.

தூங்கிட்டியா? ம். இனிமேத்தான் கதையே இருக்கு.

அடுத்த வாரம் அவள எக்ஸ்ரே எடுக்கப் படுத்த வாக்குலயே வண்டியில கூட்டிட்டுப் போனாங்க. கூட ஜெரினா போனா. இவன் வீட்டுலயே இருந்து கட்டில் விரிப்பு மாத்தணும். மாத்துனான். மாத்திட்டு, கால் வலிச்சுதுன்னு அந்தக் கட்டில்ல அவ படுத்திருந்த எடத்துலயே சாஞ்சான். மல்லாக்க.

அப்போதான் கண்ணு அவன் பார்த்தான். ஃபேன் றெக்கைல மூணு மாசத்து ஒட்டடை. அவளுக்காகன்னு இவன் மாட்டி வெச்ச காலண்டர், அங்க இருந்து பார்த்தா ஓரம் மட்டும்தான் தெரியுது. பூச்சாடி வெச்சிருந்தான், அது தெரியவே இல்ல. ஜன்னல்ல ஒரு முழம் வானம். ஒரு காக்கா போச்சு. காக்காயோட வயிறு தெரிஞ்சுது. அப்புறம் ஒரு பருந்து. அதுக்கும் வயிறுதான். எதுக்குமே முதுகு தெரியல.

அவனுக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி ஆயிருச்சு. நான் அழகு பண்ணுனதெல்லாம் நின்னு பார்க்கறவங்களுக்கு. படுத்துக் கெடக்கறவளுக்கு நான் என்ன வெச்சேன்? ஒண்ணுமே வெக்கல. மூணு மாசம் கஞ்சி குடுத்தேன், மாத்திர குடுத்தேன். ஒரு தடவ கூட இங்க படுத்துப் பார்க்கலயே! அழுதான் கண்ணு அந்த ஆளு. ஆம்பள அழுவானான்னு கேக்காத. அழுதான். அழுதுட்டு எந்திரிச்சு, மொத வேலையா அந்த ஃபேனைத் தொடச்சான்.

மூணாவது தடவ. கிளியத் தொடல. ஒடிஞ்ச றெக்கை நுனிய ஒட்டி, கிழிஞ்ச எடத்துல ஒட்டுப் போட்டு, ஏரோப்ளேனைக் கவுத்து வெச்சு, வயித்துக்கு மட்டும் அடிச்சான். நீலத்தத் தொடச்செடுத்தான். டேப்பு ஒட்டி, ஒரு றெக்கைக்கு நல்ல கருஞ்செவப்பு. இன்னொண்ணுக்கு மஞ்சள், அதுல பட்ட பட்டயா கறுப்பு. தண்ணியாட்டம்தான், ஒவ்வொரு கையா. திட்டல இந்தத் தடவ. அப்புறம் ஜெரினாவ அதைத் தலைக்கு மேல தூக்கிப் புடிக்கச் சொல்லிட்டு, இவன் மைதானத்துல மண்ணுல மல்லாக்கப் படுத்துக்கிட்டான். "கொஞ்சம் தள்ளுங்க... இன்னும் தள்ளுங்க... பட்டை பத்தல, இன்னும் அகலமா வேணும்"ங்கறான். "அண்ணா, எனக்குக் கை போச்சு"ங்கறா அவ. போறவங்க வர்றவங்க எல்லாம் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

ஞாயித்துக்கெழமை. மைதானத்துக்கு இவன் போகல, ஜெரினா மட்டும் போனா. கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்து, அவ தலைக்குச் சரியா இவன் தலைய வெச்சுக்கிட்டான். அவ சுவத்தப் பார்த்துட்டு இருந்தா. தூரத்துல உர்ர்ர்ரு. அவ திரும்பல. சத்தம் கிட்ட வந்துச்சு. உர்ர்ர்ர்ர்! ஜன்னலுக்கு நேரா... வந்துருச்சு! மெல்லிசான துணில்ல, வெயில் அதுக்குள்ள பூந்து வருது. செவப்பு ஒரு பக்கம் எரியுது, மஞ்சளும் கறுப்பும் ஒரு பக்கம். எது எடது, எது வலது, எப்படிச் சாயுது, எல்லாம் பளிச்சுனு தெரியுது. அவ தல திரும்பிருச்சு கண்ணு. ஒரு சுத்து. கண்ணு அது கூடவே போகுது. ரெண்டாவது சுத்து. விரிப்பு மேல அவ கட்டவெரல் ரெண்டும் ஆடுது, கையில குச்சி இருக்கற மாதிரி. மூணாவது சுத்து.

அப்போ அவ வாயத் தெறந்தா. எத்தன நாளைக்கப்புறம்!

"ஏனுங்க, கிளி போட்டிருக்குன்னு ஜெரினா சொன்னா. கிளி எங்கீங்க?"

"கிளி மேல இருக்கு. முதுகுல."

"இங்க எடுத்துட்டு வாங்க, பார்க்கறேன்."

அவ கேட்டு அவன் எதையும் இல்லன்னு சொன்னதில்ல. எந்திரிச்சே போய்ட்டான், கதவு வரைக்கும். ஜெரினா அதை எறக்கிட்டா, எடுத்துட்டு வர ஒரு நிமிசம் ஆகுமா? கதவப் புடிச்சுக்கிட்டு நின்னான். நின்னு, திரும்பி, "மாட்டேன்"னான்.

"என்னது?"

"மாட்டேன் கோகிலம். பின்வாசல்ல ஸ்டூல் போட்டு, அதுமேல வெச்சிருப்பேன். பக்கத்துல வந்து நின்னு பார்த்தாத்தான் கிளி தெரியும்."

அவ மொறைச்சா பாரு ஒரு மொறைப்பு! கணக்குல சைபர் எடுத்த பிள்ளையக் கூட அப்படி மொறைச்சிருக்க மாட்டா. இவன் நகரல. அப்புறம் அவ கைய நீட்டுனா. "சும்மா நிக்காம புடிங்க"ன்னா.

அன்னிக்கு உக்காந்தா, அவ்வளவுதான். மறுநாள் கால் தரையில பட்டுச்சு. கத்துனா. இவனும் சேர்ந்து கத்துனான். அப்புறம் ஒரு எட்டு எடுத்து வெச்சா, அப்புறம் நாலு எட்டு. தெனம் காலைல ஸ்டூல் மேல ஏரோப்ளேன் வந்து உக்காந்துக்கும். பதினோராவது நாள், ஊன்றுகோலப் புடிச்சுக்கிட்டு, டக்... டக்... டக்குனு பின்வாசலுக்கு வந்துட்டா. நின்னா. குனிஞ்சு பார்த்தா. என்ன சொன்னாத் தெரியுமா?

"ஒரு கிளிக்கு மூக்கு கோணலா இருக்குங்க."

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சுரும். மூக்கு இன்னிக்கும் கோணல்தான். ஹால்ல கொக்கியில தொங்குதே, நாளைக்கு வெடிஞ்சதும் அப்பச்சி தூக்கிக் காட்டறேன், பார்த்துக்க. இங்க படுத்துக்கிட்டே பார்த்தா வயிறுதான் தெரியும்.

உஷ்ஷ். சத்தம் கேக்குதா? டக்... டக்... கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு. லைட்ட அணைக்க வர்றா. நீ இன்னும் முழிச்சிருந்தா என்னையத்தான் திட்டுவா. கண்ண மூடிக்க சாமி. கதை தரையில எறங்கிருச்சு, இஞ்சின் அணைஞ்சு போச்சு, நீயும் தூங்கு.