பேய்க் கதை ஓடிய மாதம்

2018 செப்டம்பர் மூன்று, பகல் பதினொன்றரை மணி. ஐந்தாம் வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். கணக்கைக் கடைசியாக முடித்தவள் முத்துப்பேச்சி.

ஜூலை வரை முதலில் முடித்தவளும் அவள்தான்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப்பள்ளி அது. உறைவிடப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு ஒரு பிள்ளையை அனுப்பலாம். தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பும் சாப்பாடும் இலவசம். ஜூலையில் எழுதி வைத்த பெயர் முத்துப்பேச்சியுடையது. அதை அனுப்ப அன்று கடைசி நாள்.

வகுப்பாசிரியர் தெய்வசிகாமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. தலைமையாசிரியை ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு. ஆனாலும் சந்தேகம் வந்தால் அவர் போய் நிற்பது ஜெசிந்தாவிடம்தான்.

"டீச்சர், முத்துப்பேச்சி பேரை எடுத்துருவோம். பிள்ளைக்கு மூளை மங்கிட்டு."

"நல்லாத்தானே இருந்தா. எப்பயிருந்து?"

"ஒரு மாசமா. ஏழெட்டு ஐம்பத்தாறுன்னு தூக்கத்துல சொல்ற பிள்ளை, இப்ப விரலை மடக்குது."

"முன்னாடி கணக்கை முடிச்சதும் என்ன செய்வா?"

"சும்மா இருந்தா மத்ததுகளைக் கெடுக்கும்லா? டீ வாங்க அனுப்புவேன். சத்துணவுக்கூடத்துல முட்டை எண்ணுவா. சாக்பீஸ் எடுத்துட்டு வருவா. அவ்வளவு கெட்டிக்காரி."

"அந்த நேரம் வகுப்புல என்ன நடக்கும்?"

"கதை சொல்லுவேன். அப்பத்தான் மத்ததுக அடங்கும். இப்ப ஒரு பேய்க் கதை, ஒரு மாசமா ஓடுது."

"டீக்கு இப்ப யார் போறா?"

"அதை ஏன் கேக்கீங்க! வெள்ளிக்கிழமை போனவன் பாதி டீயைக் குடிச்சுட்டு வந்தான்."

"மதியம் பேசுவோம் சார்" என்றார் ஜெசிந்தா.

மதியம் ஆசிரியர்கள் அவர் அறையில் கூடினார்கள். இடமாறுதல் கலந்தாய்வு பற்றிப் பேச்சு. சொந்த ஊரான கோவில்பட்டிக்கு மாறுதல் கேட்டு ஆறு வருடமாக அலைகிறவர் தெய்வசிகாமணி. எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"கோவில்பட்டியில ஒரு இடம்..." என்று தொடங்கிய ஜெசிந்தா நிறுத்தினார். "சார், நாலு டீ வாங்கிட்டு வாங்களேன். நீங்கதான் இதுல கெட்டிக்காரர்."

ஓட்டமாக ஓடினார். திரும்பி வந்தபோது பேச்சு எட்டயபுரத்தில் இருந்தது.

"கோவில்பட்டி என்னாச்சு?"

"அது பேசி முடிஞ்சுது சார். முட்டையை ஒரு தடவை எண்ணிட்டு வந்துருங்க. உங்களை மாதிரி வேற யாருக்கும் வராது."

எண்ணிவிட்டு மூச்சிரைக்க வந்தார். பேச்சு கயத்தாறைத் தாண்டியிருந்தது. இரண்டாம் வகுப்பு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"சார், அந்த சாக்பீஸ் பெட்டி..."

தெய்வசிகாமணி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"முழங்கால் பிடிச்சுக்கிட்டு டீச்சர். ஒரு அடி எடுத்து வைக்க முடியல."

"நல்லாத்தானே இருந்தீங்க. எப்பயிருந்து?"

"இப்பதான்."

"அடடா" என்றார் ஜெசிந்தா. "அப்ப கலந்தாய்வுல இருந்து உங்க பேரை எடுத்துருவோமா?"

தெய்வசிகாமணி முழங்காலை மறந்து எழுந்து போய், நுழைவுத் தேர்வுப் படிவத்தில் முத்துப்பேச்சியின் பெயரை எழுதிக் கொண்டுவந்து நீட்டினார்.

2019 ஜூன் பத்தாம் தேதி, முத்துப்பேச்சி உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள்.