வேம்பியின் வாயாடிக் கால்

முன்னொரு காலத்தில், மந்திரம் சந்தையில் கத்தரிக்காய் போல மலிந்து கிடந்த காலத்தில், செங்கரை நாட்டில் ஓட்டூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் யாரும் நடக்கமாட்டார்கள். தண்ணீருக்கு ஓடுவார்கள், சந்தைக்கு ஓடுவார்கள், தாலி கட்ட மாப்பிள்ளையே ஓடித்தான் வருவான். வழியில் உட்கார்ந்தவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். ஊர் எல்லையில் வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. அதன்மேல் காக்காய் உட்கார்ந்ததோடு சரி. என்ன ஜென்மங்களோ!

ஊருக்கு எதிரே கரட்டுமலை. அதில் கருங்காடன் என்ற மந்திரவாதி. போன வருஷம் அவன் ஓட்டூர் ஆற்றையே ஒரு கெண்டிக்குள் அடைத்து, தன் வீட்டு உறியில் தொங்கவிட்டுவிட்டான். ஊரே போய்க் கெஞ்சியது.

"சித்திரைப் பௌர்ணமி அன்னிக்கு, சூரியன் கிளம்பறப்போ ஒரு ஆள் கிளம்பணும்," என்றான். "மலையைச் சுத்தி வந்து, சூரியன் சாயறதுக்குள்ள என் வாசப்படியைத் தொட்டா, என் மந்திரமெல்லாம் அவிழ்ந்துடும். தொடலையோ, வந்த ஆள் கல்லாயிடும். அடுத்த சித்திரைப் பௌர்ணமிக்குள்ள இன்னொருத்தர் தொட்டு மீட்கலைன்னா, அப்புறம் என்னைக்குமே கல்லுதான்."

ஊரிலேயே வேகமான ஆள் மருதாயி. அவள் ஓடினாள். கல்லாகிப் போனாள்.

மருதாயியின் தங்கைதான் நம்ம வேம்பி. பேருக்கேற்ற வாய். பேருக்கேற்ற கோபம். "எங்கக்காவை நான் கூட்டிட்டு வரேன்" என்று தோளில் மண்மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தினமும் ஓடிப் பழகினாள். பங்குனி பாதி போயிருக்கும். ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது வலது கணுக்கால் மடங்கியது. 'மளுக்'கென்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான், ஊரே வைத்தியராகிவிட்டது.

"இன்னும் நாலு சுத்து ஓடு, தானா சரியாயிடும்," என்றார் ஒருத்தர். ஓடினாள். வீங்கியது. புளியும் உப்பும் கொதிக்கக் கொதிக்கப் பற்றுப் போட்டாள் ஒருத்தி. வெந்தது. கால் முன்னால் வரப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று ஒரு தடியனைக் கூட்டிவந்தார்கள். மிதித்தான் பாருங்கள் ஒரு மிதி! கால் பனங்காயாகிவிட்டது.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினாள் வேம்பி. போனார்கள். ஓடித்தான் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும், சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் காலோடு மறுபடியும் ஓடக் கிளம்பிவிட்டாள். சுமைதாங்கிக் கல்வரைக்கும் நொண்டி நொண்டி ஓடி, அங்கே குப்புற விழுந்தாள். வந்த ஆத்திரத்தில் கல்லை ஓர் உதை உதைத்தாள். எந்தக் காலால்? அதே காலால்! புத்தி இருக்கிறவள் செய்கிற வேலையா இது?

கல் முனகியது. அப்புறம் பேசியது.

"எத்தனை காலமா இங்க நிக்கிறேன்! ஒருத்தராவது ஒரு மூட்டையை இறக்கி வெச்சதுண்டா? இன்னிக்கு ஒருத்தி வந்தா, உதைக்கிறா! இனிமே உன் காலே உன்னைக் கேக்கட்டும். பதில் சொல்லிக்க!"

வேம்பி வாயைப் பிளந்தபடி எழுந்திருக்கப் போனாள். கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "எந்திரிக்கப் போறியே, என்னைக் கேட்டியா?"

"யாரது?"

"உன் வலது கால். உன்கூடவே பொறந்தவ."

அன்றிலிருந்து பிடித்தது சனி. பாயைவிட்டு எழுந்தால், "என்னைக் கேட்டியா?" படியில் ஏறினால், "என்னைக் கேட்டியா?" யாருக்கும் தெரியாமல் நைசாக ஓட ஆரம்பித்தாலும் விடாது. "அடியே, என்னைக் கேட்டியாடி?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தும். வேம்பி துணியை வைத்து அதன் வாயைக் கட்டப் பார்த்தாள். காலுக்கு வாய் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் ஒரு நாள் அவளுக்குத் தாங்கவில்லை. சுமைதாங்கிக் கல் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"பாவி! பௌர்ணமி வந்துடுச்சுன்னா எங்கக்கா என்னைக்குமே கல்லுடி! உனக்கென்ன, நீ ஒரு காலு!"

கால் மெதுவாகச் சொன்னது. "சின்னப் புள்ளையில அவ இடுப்புல உன்னைத் தூக்கிட்டுத் திரிஞ்சாளே, அந்த இடுப்பைச் சுத்தித் தொங்கினது யாரு? நான்தானே? எனக்கு மட்டும் அவ அக்கா இல்லையா?"

வேம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓட மாட்டேன்," என்றது கால். "ஆனா வருவேன். நான் உக்காருன்னா உக்காரணும். நடன்னா நடக்கணும். சம்மதமா?"

வேறு வழி? மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு, நடந்து பழகினாள். கொஞ்சம் நடப்பாள், உட்காருவாள். ஓட்டூர்க்காரர்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டே, "அய்யய்யோ, வேம்பி உக்காந்துட்டா!" என்று சிரித்தார்கள். வேம்பி பல்லைக் கடித்தாள். கடித்த கடியில் பல் மிஞ்சியதே பெரிசு.

பௌர்ணமியும் வந்தது. விடியலில் கிளம்பினாள். நடந்தாள், உட்கார்ந்தாள், நடந்தாள். வெயில் இறங்கும் நேரத்தில் மலையின் மறுபக்கம் சுற்றிக் கடைசிப் பாதைக்கு வந்துவிட்டாள். நேர்பாதை. கோடியில் கருங்காடன் வீடு தெரிந்தது. பாதையோரம் ஒரு கல், ஓடுகிற கோலத்திலேயே நின்றது. மருதாயி!

வேம்பிக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. "அக்கா!" என்று கத்தியபடி வாசலைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள்.

"என்னைக் கேட்டியா?" என்று அலறியது கால்.

கேட்கவில்லை. ஓடினாள். ஓட ஓட வீடு தள்ளிப் போனது. இன்னும் வேகமாக ஓடினாள். வீடு கட்டெறும்பு அளவுக்குச் சிறுத்தது. வலி உச்சிமண்டைக்கு ஏற, சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். "போச்சு, எல்லாம் போச்சு!" என்று தரையில் அடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தால், வீடு கிட்டே நிற்கிறது! மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தாள். இன்னும் கிட்டே வந்தது.

"அடப்பாவி!" என்றாள் வேம்பி. ஓடுகிறவனுக்கு நீளும், உட்காருகிறவனுக்குச் சுருங்கும் பாதை! ஓட்டூரை அறிந்து வைத்த மந்திரம். அந்த ஊரில் எவன் உட்காரப் போகிறான் என்ற தைரியம் அவனுக்கு.

வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கருங்காடன் பதறி எழுந்தான். "ஓடு புள்ள, ஓடு! சூரியன் சாயுது பாரு!"

சூரியன் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. வேம்பியின் உடம்பெல்லாம் ஓடு ஓடு என்று துடித்தது. பிறந்ததிலிருந்து பழகிய புத்தி அல்லவா! அவள் குனிந்து கேட்டாள். முதல்முறையாகக் கேட்டாள்.

"என்னடி செய்ய?"

"உக்காரு," என்றது கால்.

காலை நீட்டி, ஒரு கையால் தலையைத் தாங்கி, சொந்த வீட்டில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். வீடு ஊர்ந்து வந்தது. கருங்காடன் அவளைப் பிடித்துத் தள்ளப் பாய்ந்தான். பாய்ந்தவன் ஓடினான். ஓடியவன் காலடியில் அவன் பாதையே நீண்டது! கத்திக்கொண்டே தூரப் போனான், புள்ளியானான், காணாமல் போனான்.

வாசற்படி வேம்பியின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. சூரியனின் கடைசிக் கீற்று மலைமேல் இருந்தது.

"தொடட்டுமா?" என்று கால் கேட்டது.

"தொட்டுக்கடி," என்றாள் வேம்பி.

வீங்கிய பாதம் வாசற்படியைத் தொட்டது. உறி அறுந்தது, கெண்டி உடைந்தது, ஆறு கும்மாளத்தோடு மலையிறங்கியது. பாதையோரக் கல் சிலிர்த்து, மருதாயி ஆனது.

"ஏண்டி, இவ்வளவு நேரமா?" என்றாள் மருதாயி. "ஒரு வருஷமா ஒத்தைக் காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன், கால் என்னமா வலிக்குது தெரியுமா!"

வேம்பி அழுதுகொண்டே சிரித்தாள். "உக்காருக்கா. முதல்ல உக்காரு."

வேம்பி காலைக் கேட்கப் பழகிவிட்டதில் சுமைதாங்கிக் கல் போட்ட சாபமும் தீர்ந்து, காலின் பேச்சும் அவிழ்ந்துபோனது. மறுநாள் காலை வேம்பி பாயில் எழுந்து, "போலாமாடி?" என்று கேட்டாள். பதில் இல்லை. கணுக்காலைத் தடவிப் பார்த்தாள். இன்னும் சூடாகத்தான் இருந்தது. சரி என்று, யாரும் சொல்லாமலே, திரும்பவும் படுத்துக்கொண்டாள்.

ஓட்டூர் சுமைதாங்கிக் கல்லில் இப்போது மூட்டை வைக்க இடமில்லையாம். கருங்காடன் மட்டும், பாதையின் மந்திரம் அவிழ்ந்தது தெரியாமல், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் ஓடட்டும். நீங்கள் மெதுவாக எழுந்து, காலைக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சேருங்கள்.