வாசல் வைக்க மறந்த வீடு

ஆறுகளுக்கு யாரும் கரை கட்டாத காலம் அது. அரசர் குதிரையை நிறுத்தி, "வீட்டில் அடுப்பு எரிகிறதா?" என்று குடிமக்களைக் கேட்டுவிட்டுப் போன காலம். அது எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் பிறக்கவில்லை, நீங்களும் பிறக்கவில்லை. கதையை மட்டும் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் நாரைமேடு என்று ஓர் ஊர் இருந்தது. ஒரு ஐப்பசியில் ஆறு பெருகி ஊரின் பாதியை அடித்துக்கொண்டு போனது. வீடு இழந்தவர்கள் எல்லாரும் சத்திரத்தில் அடைந்து கிடந்தார்கள். ஒரு மூலையில் ஒருவர் இருமினால் மறுமூலையில் பத்துப் பேர் விழித்துக்கொள்வார்கள். அப்படி ஓர் இருப்பு.

அங்கே ஓரகத்திகள் இருவர் இருந்தார்கள். அண்ணன் மனைவி மங்கையாயி, தம்பி மனைவி நல்லாச்சி. மங்கையாயிக்குத் தேனாள் என்று ஒரே மகள். சத்திரத்து ஈரத்தில் அந்தக் குழந்தைக்கு மழைக்காலம் முழுக்கக் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. வைத்தியர் வந்து நாடி பார்த்துவிட்டு, "இன்னொரு மழையை இந்தப் பிள்ளை இந்த ஈரத்தில் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் மங்கையாயி இரவு பகலாக வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு அந்த வீட்டைச் சொல்லிச் சொல்லித் தூங்கவைப்பாள். கிழக்கே ஒரு வாசல். காலை வெயில் படியில் விழும், அங்கே உட்கார்ந்து உனக்குத் தலை பின்னுவேன். ஊறுகாய்ச் சாடி வைக்கக் குளிர்ச்சியாக ஒரு மூலை. கூடத்து நடுவில் உனக்கு ஓர் ஊஞ்சல். அவ்வளவுதான் அவள் கனவு. நல்ல கனவுதானே? நானும் நல்ல கனவு என்றுதான் சொல்வேன்.

வெள்ளம் வடிந்ததும் அரசர் மேட்டு நிலத்தில் ஆளுக்கு ஒரு மனை கொடுத்தார். வீட்டையும் அரண்மனைச் செலவிலேயே கட்டித் தருவதாகச் சொன்னார். ஆனால் நாரைமேட்டில் வீடு கட்டுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. அதற்குக் கோட்டுக்குடி என்று பெயர்.

வீட்டுக்காரி சுண்ணாம்புப் பொடி எடுத்து, தன் மனையில், தான் விரும்பும் வீட்டை முழு அளவில் தரையிலே கோடாக வரைய வேண்டும். சுவருக்குக் கோடு, வாசலுக்கு இடைவெளி. அமாவாசை தொடங்கிப் பௌர்ணமி வரை அவள் அந்தக் கோட்டுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும்; வீட்டார் சத்திரத்திலிருந்து வந்து போகலாம். வாசல் வழியாகத்தான் வர வேண்டும், வாசல் வழியாகத்தான் போக வேண்டும். சுவர்க் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் மனை வேறொருவருக்குப் போய்விடும். பௌர்ணமி மாலை முரசு முழங்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அழிக்கலாம், மாற்றலாம். முரசு முழங்கிய பின் கை வைக்கக் கூடாது. கோடு எப்படி இருக்கிறதோ அப்படியே கொத்தனார்கள் சுவர் எழுப்புவார்கள்.

கட்டி முடித்த பிறகு "ஐயோ, அடுப்படி இந்தப் பக்கம் வந்துவிட்டதே" என்று அழுவதைவிட, கோட்டில் இருக்கும்போதே அழுது தீர்த்துக்கொள்ளட்டும் என்று முன்னோர் நினைத்திருக்கிறார்கள். விவரமானவர்கள்தான்.

அண்ணன் தம்பி என்பதால் இரண்டு மனைகளும் ஒட்டி அமைந்தன. நடுவில் பொதுச்சுவர். மங்கையாயி மனைக்குக் கிழக்கே தெரு, தெற்கே கிணற்றுப் பாதை, மேற்கே ஏரி, வடக்கே நல்லாச்சி.

அமாவாசை அன்று மங்கையாயி தன் கனவை அப்படியே வரைந்தாள். கிழக்கு வாசல் வந்தது. ஊறுகாய் மூலை வந்தது. ஊஞ்சல் கூடம் வந்தது. தேனாள் கூடத்து நடுவில் நின்று இல்லாத ஊஞ்சலில் ஆடிக் காட்டினாள். அன்று மங்கையாயி வயிறார உண்டாள், நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் எழுந்து பக்கத்து மனையைப் பார்த்தாள். அங்கேதான் வந்தது வினை.

நல்லாச்சியும் கிழக்கே வாசல் வைத்திருந்தாள். வாசலில் சின்னதாக ஒரு கோலமும் போட்டிருந்தாள். தெருவில் போன இரண்டு பேர் நின்று, "வாசல்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மங்கையாயி வாசலைப் பார்க்காமலே போனார்கள்.

மங்கையாயிக்கு வயிறு எரிந்தது. 'அவளுக்கும் கிழக்கு, எனக்கும் கிழக்கா? நாளைக்கு ஊரே என்ன பேசும்? அவளைப் பார்த்து நான் வைத்தேன் என்று பேசும்' என்று நினைத்தாள். சுண்ணாம்பை அள்ளிக் கிழக்கு வாசலை அடைத்தாள். அந்தப் பக்கம் முழுவதையும் பெரிய முன்கூடமாக்கினாள், நல்லாச்சியின் கூடத்தைவிட இரண்டு மடங்கு. தென்சுவரில் துடைப்பத்தால் துடைத்துப் புது வாசல் திறந்தாள். வெயில் விழும் படி போயிற்று. போனதை அவள் கவனிக்கவில்லை.

சில நாள் சும்மா இருந்தாள். பிறகு நல்லாச்சி தன் ஒற்றைப் பசுவுக்கு ஒரு தொழுவம் வரைந்தாள்.

மங்கையாயியிடம் பசு இல்லை. கன்றுக்குட்டி இல்லை. ஆட்டுக்குட்டிகூட இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நான்கு பசு கட்டும் அளவுக்குத் தொழுவம் வரைந்தாள். அதற்கு இடம் வேண்டுமே! ஊறுகாய் மூலையை அழித்தாள். அதுவும் போதவில்லை. தெற்கு வாசலையும் அடைத்துவிட்டாள். எப்படியும் அந்த வாசல் அவளுக்குப் பிடிக்காமல் போயிருந்தது. கிணற்றிலிருந்து குடத்தோடு வரும் பெண்கள் அதைக் கடந்துதான் நல்லாச்சி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சிரித்துப் பேசினார்கள். மேற்கே ஏரிப் பக்கமாக மூன்றாவது வாசல் திறந்தாள்.

அவள் கணவன் சாத்தப்பன் சோற்றுப் பானையோடு வந்து, வாசலைத் தேடி வீட்டைச் சுற்றிவந்தான். "நேத்து இந்தப் பக்கம்தானே இருந்துச்சு?" என்று கேட்டான்.

"நேத்து நேத்தோட போச்சு. வாயை மூடிட்டு மேக்கால வாங்க" என்றாள் மங்கையாயி.

பௌர்ணமி வந்தது. அன்று பிற்பகலில் நல்லாச்சி கையில் ஒரு பிடி சுண்ணாம்போடு எழுந்தாள். தன் வீட்டின் பின்பக்கம், பொதுச்சுவரை ஒட்டி, ஒரு சின்ன மூலையை வரைந்தாள். ஏரிக்காற்று நேராக வந்து விழும் இடம். அதில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கண்ணை மூடினாள். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை. பிறந்த வீட்டில் ஏழு பேரோடு படுத்தவள், புகுந்த வீட்டில் அடுப்போடு கிடந்தவள். அந்த மூலை ஒன்றுதான் அவள் கனவு.

மங்கையாயி அதைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த நிம்மதியையும் பார்த்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கூடத்தைக்கூடப் பொறுத்துவிடலாம், பக்கத்து வீட்டு நிம்மதியைப் பொறுக்க ஒரு தனி மனது வேண்டும் போலிருக்கிறது.

"காற்று அவளுக்கு மட்டும்தானா?" என்று சுண்ணாம்புக் கூடையை இழுத்துக்கொண்டு ஓடினாள். மேற்குப் பக்கம் முழுவதும் நீளமாக ஒரு காற்றுக்கூடம் வரைந்தாள், சன்னலுக்கு அடுத்துச் சன்னலாக. ஊஞ்சல் இடம் அதற்குள் கரைந்தது. மேற்கு வாசலும் அதற்குள் மறைந்தது. 'வாசல்தானே, கிழக்கே மறுபடி திறந்துகொண்டால் போயிற்று' என்று துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

எடுத்தவள் போயிருக்கலாம். போகவில்லை. தன் காற்றுக்கூடத்தைப் பார்த்து நல்லாச்சியின் முகம் எப்படிக் கறுக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பொதுச்சுவரருகே நின்றாள். நல்லாச்சி கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிப்போயிருந்தாள். இப்போது திறப்பாள், இதோ திறப்பாள் என்று மங்கையாயி துடைப்பமும் கையுமாக நின்றுகொண்டே இருந்தாள்.

முரசு முழங்கியது.

நல்லாச்சி திடுக்கிட்டு எழுந்தாள். தெருவெங்கும் ஆரவாரம். அரண்மனையிலிருந்து அளவுக்காரர் வந்து ஒவ்வொரு மனையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மங்கையாயி வீட்டைக் கிழக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

அதற்குள் தேனாள் அப்பாவின் கையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். கோட்டருகே வந்து நின்றாள். சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அம்மா, நம்ம வீட்டுக்கு வாசல் எங்கம்மா?"

மங்கையாயிக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

"ஐயா, ஒரு கை அகலம் துடைச்சுக்கிறேன். ஒரே ஒரு கை அகலம்" என்று கெஞ்சினாள்.

"முரசு முழங்கியாச்சு தாயே. ஒருத்தருக்கு விட்டா ஊரே துடைப்பத்தைத் தூக்கும்" என்றார் அளவுக்காரர்.

"சன்னல் வழியா வந்துடட்டுமா?"

"சன்னல் வழியா வர்றவனை ஊர்ல என்ன சொல்வாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. மங்கையாயி சிரிக்கவில்லை. கோட்டைத் தாண்டினால் மனை போய்விடும். மறுபடி சத்திரம், மறுபடி ஈரம், மறுபடி காய்ச்சல். தாண்டாவிட்டால் நாளைக்குக் கொத்தனார்கள் அவளை உள்ளே வைத்துச் சுவர் எழுப்புவார்கள். பெரிய கூடம் இருந்தது, நான்கு பசுவுக்குத் தொழுவம் இருந்தது, காற்றுக்கூடம் இருந்தது. மகள் மட்டும் வெளியே நின்றாள்.

அளவுக்காரர் இரக்கமுள்ளவர். நடுச்சுவர்ப் பக்கம் திரும்பினார். "அரசர் கட்டளை வெளிச்சுவருக்குத்தான். அண்ணன் தம்பி நடுச்சுவர்ல அரசர் தலையிடறதில்லை. தலையிட்டா அவருக்குத்தான் தலைவலி. அந்தப் பக்கத்துக்காரி சம்மதிச்சா நடுச்சுவர்ல ஒரு வாசல் திறக்கலாம். ஆனா நீதான் உன் வாயால அவளைக் கேக்கணும்" என்றார்.

மங்கையாயி பொதுச்சுவரைப் பார்த்தாள். நல்லாச்சி வீட்டில் அந்தச் சுவரை ஒட்டி அடுப்படி இருந்தது, நெல் வைக்கும் அறை இருந்தது, அதற்கடுத்து அந்தக் காற்று மூலை இருந்தது. அந்த மூலையை விட்டால் வாசல் திறக்க வேறு இடமே இல்லை.

கேட்க வாயெடுத்தாள், வரவில்லை. 'யாரைவிடப் பெரிதாகக் கட்ட நினைத்தேனோ அவளிடமா கையேந்துவது' என்று உள்ளுக்குள் வெந்தாள். அப்போது தேனாள் கோட்டுக்கு வெளியே புழுதியில் உட்கார்ந்து இருமினாள்.

"நல்லாச்சி" என்றாள் மங்கையாயி. "உன் காத்து மூலையை மிஞ்சணும்னுதான் நான் கடைசி வாசலை அடைச்சேன். இப்ப உன் இடத்து வழியாத்தான் எனக்கு வழி. விடுவியா?"

நல்லாச்சியும் மனுஷிதானே. தன் மூலையைப் பார்த்தாள். அதில் அவள் இருந்தது ஒரு பிற்பகல்தான். அவள் முகம் வாடியது. மங்கையாயி பார்க்க ஆசைப்பட்டு நின்ற முகம் அதுதான். ஆனால் இப்போது அதைப் பார்க்க அவளுக்குக் கண் கூசியது.

நல்லாச்சி குனிந்து, முந்தானையால் தன் மூலைக் கோட்டைத் துடைத்தாள். பிறகு நடுச்சுவரையும் துடைத்தாள்.

"வாங்கக்கா. பிள்ளை பனியில உக்காந்திருக்கா பாருங்க" என்றாள்.

கொத்தனார்கள் கோட்டில் இருந்தபடியே கட்டினார்கள். நாரைமேட்டில் அதைப்போலப் பெரிய வீடு வேறில்லை. வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவார்கள். வந்தவர்கள் முதலில் நல்லாச்சி வீட்டுப் படியேறி, அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, "நல்லாச்சி வீட்டுக்குள்ள இருக்கிற பெரிய வீடு எதும்மா?" என்று கேட்பார்கள். தேனாளுக்குக் காய்ச்சல் நின்றது. மங்கையாயி தண்ணீருக்குப் போகும்போது ஒரு முறை, சந்தைக்குப் போகும்போது ஒரு முறை, கோயிலுக்குப் போகும்போது ஒரு முறை அந்த மூலையைக் கடந்துதான் போனாள். கடக்கும்போதெல்லாம் தலை தானாகக் குனிந்தது.

அவள் பொறாமை அடியோடு போய்விட்டதா என்றால், உங்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். நல்லாச்சி புதுப்புடவை கட்டிய நாட்களில் கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனால் தன் வீட்டுக்குப் போக அவள் வீட்டு வழியாகத்தானே போக வேண்டும் என்று நினைத்ததும் அணைந்துவிடும்.

ஆகவே கேட்டவர்களே, அடுத்தவர் வீட்டைப் பார்த்துப் பார்த்துத் தன் கனவை மாற்றுகிறவர், கடைசியில் தான் குடியேற முடியாத வீட்டைத்தான் கட்டுவார்.