தூளிக்குச் சொந்தக்காரர்

நுங்கம்பாக்கத்து ஓவியக் கூடத்தில் கூட்டித் துடைக்கிறவள் தவமணி. நிர்வாகி ரகோத்தமனுக்கு அவள்மேல் எப்போதும் சந்தேகம்தான். வரும்போதும் பையைத் துழாவுவார், போகும்போதும் துழாவுவார். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தே, அன்னிக்கே வேலை போச்சு" என்றும் மிரட்டி வைத்திருந்தார்.

அன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து, மூலை அறையின் இரும்புக் கம்பியில் பழம்புடவையைத் தூளி கட்டித் தூங்கப் போட்டாள். வாளித் தண்ணீர் மாற்றப் போன நேரம், விருந்தாளிகளோடு அவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

"இது என்ன சார் தொங்குது?" என்றாள் ஒரு பணக்கார அம்மாள்.

தெரியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "நம்ம கூடத்தோட புதுப் படைப்புங்க. தாய்மையின் பாரம்! மாசம் முழுக்க இங்கேதான் இருக்கும்."

தவமணி ஓடிவந்தாள். அவர் கண் சுருங்கியது. "ஏய், அதுகிட்ட உனக்கென்ன வேலை? கை வைக்காதே!"

"வைக்கலீங்க. உங்களுதுதானே சார்?"

"பின்னே, உன்னுதா?"

தூளி நெளிந்தது. உள்ளேயிருந்து வீலென்று ஓர் அலறல். விருந்தாளிகள் கை தட்டினார்கள். கீழே சொட்டத் தொடங்கியதும் அவர் முகம் வெளுத்தது.

"சார், உங்க படைப்பு நனைஞ்சுடுச்சு. நீங்க துணி மாத்துறீங்களா, நான் மாத்தட்டுமா?"

"நீயே... நீயே மாத்து."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "மாசம் முழுக்கன்னு சொன்னீங்களே சார். நாளைக்கும் கொண்டாந்துடட்டுமா?"

"கட்டாயம்!" என்று அந்த அம்மாள் முந்திக்கொண்டாள். ரகோத்தமனால் தலையை ஆட்டத்தான் முடிந்தது.