தலைப்பு தந்தவருக்கு எதிர்க்கட்சி

முன்னொரு காலத்தில் மணக்குடி நாட்டை மருதவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. தும்மல் வந்ததென்று ஊரிலுள்ள மல்லிகைச் செடிகளையெல்லாம் வெட்டச் சொன்னவன், மறுநாளே "எங்கேடா மல்லிகை?" என்று தோட்டக்காரனைப் பிடித்துக் கத்தினான்.

அந்த ஊர்ப் பாடசாலை மாணவர்கள் ஒரு வாதமன்றம் வைத்திருந்தார்கள். பாடமில்லாத அமாவாசைதோறும் பிற்பகலில் சந்தைத் திடலில் வாதம் நடக்கும். யாரும் வரலாம், யாரும் தலைப்பு தரலாம். அடியில் துளையிட்ட நாழிகை வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து முழுகியதும் மணி அடிப்பார்கள். பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும். கடைசியில், கேட்டவர்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டையைத் தமக்குப் பிடித்த கட்சியின் பானையில் போடுவார்கள். இத்தனையையும் கட்டி மேய்த்தவள் மன்றத்தின் செயலாளர் உமையாள்.

அதே அமாவாசையில்தான் ஆஸ்தானப் புலவர் கங்காதரரும் பிரசங்கம் செய்வார். மன்றம் வந்தபின் அவர் எதிரே காக்கைகூட உட்காரவில்லை. வயிற்றெரிச்சலோடு அரசவைக்கு ஓடினார்.

"மகாராஜா! 'நாட்டுக்கு அரசன் தேவையே இல்லை' என்று அந்த உமையாள் நேற்று சந்தையில் முழங்கினாள்!"

ராஜாவின் மீசை துடித்தது. "மன்றத்தை மூடு! அவளை நாடு கடத்து!"

உமையாளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாடு போனாலும் போகட்டும், மன்றம் போய்விடுமே என்று அவள் கைகூப்பினாள்.

"மகாராஜா, மூடுமுன் கடைசியாக ஒரே ஒரு வாதம், இங்கேயே. புலவரே தலைப்பு தரட்டும்."

வாதம் என்றதும் ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. "ம், நடக்கட்டும்!"

கங்காதரர் மார்பை நிமிர்த்தினார். "'வாதமன்றத்தை மூட வேண்டும்.' இதுதான் தலைப்பு!"

"நல்லது ஐயா. எங்கள் மன்றத்து விதிப்படி, தலைப்பு தந்தவர் அதை எதிர்த்துத்தான் பேச வேண்டும்."

"இதென்ன கூத்து?"

"இல்லாவிட்டால் அவரவர் தமக்குத் தோதான தலைப்பாகவே கொண்டுவருவார்கள், ஐயா."

"ஏன் புலவரே, பேச வராதோ?" என்றான் ராஜா.

அந்த ஒரு வார்த்தை போதும். கங்காதரர் மேல்துண்டை இறுக்கிக் கட்டினார். "மன்றத்தை மூடாதீர்கள் மகாராஜா! வாயைப் பொத்தினால் மனசு முணுமுணுக்கும். ஜனங்கள் சந்தையில் உரக்கப் பேசினால் தங்களுக்கு ஒற்றனே தேவையில்லை!" என்று பொழிந்தார். அவையோர் கைதட்டினார்கள். அவருக்குக் கைதட்டல் கிடைத்து எத்தனை நாளாயிற்று! மணி அடித்தும் நிறுத்தவில்லை, நான்கு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள்.

"புலவரே, இதுதான் உங்கள் மனசில் இருப்பதா?" என்று கேட்டாள் உமையாள்.

"சேச்சே! விதிக்காகப் பேசினேன்!"

"நானும் அப்படித்தான் ஐயா. 'நாட்டுக்கு அரசன் தேவை' என்பதுதான் நேற்றைய தலைப்பு. தந்தவளே நான்தான்."

ராஜா மெல்லக் கேட்டான்: "பானையில் என்ன விழுந்தது?"

"அரசன் தேவை என்ற பானையில் மூன்று கொட்டை அதிகம், மகாராஜா. நான் தோற்றுவிட்டேன்."

"மூன்றுதானா!" என்றவன் விழுந்து விழுந்து சிரித்தான். தோற்றதற்காக அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

"மன்றம் நடக்கட்டும். சந்தையில் உங்களுக்கு ஒரு மண்டபம் கட்டித் தருகிறேன். புலவரே, இனி உம் பிரசங்கத்துக்கும் நாழிகை வட்டில் உண்டு!" ஊரே நிம்மதியடைந்த தீர்ப்பு அது.

உற்சாகத்தில் ராஜா எழுந்தான். "அடுத்த அமாவாசைக்கு நானே தலைப்பு தருகிறேன்: 'மருதவர்மனைப் போல நல்ல ராஜா வேறு எவனும் இல்லை!'"

உமையாள் தயங்கினாள். "மகாராஜா... தலைப்பு தந்தவர்..."

ராஜா தாடியை நீவிக்கொண்டே சொன்னான்:

"தெரியும் அம்மா. மல்லிகையிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் எனக்கு மட்டும் பெரிய வட்டிலாக வை."